மோர்ஸின் ஆக்ஸ்ஃபோர்டுக்குள் நுழைய ஒரு வழி

கொலை நடந்த வீட்டுக்குள் தலைமை ஆய்வாளர் மோர்ஸ் நுழைகிறார். பிணத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ரத்தம் அவருக்கு ஆகாது. கூட வந்த சார்ஜென்ட் லூயிஸ்தான் குனிந்து பார்த்து விவரம் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் மோர்ஸ் ஒரு பதிலோடு வருகிறார். இன்னார்தான் கொன்றார், இப்படித்தான் கொன்றார், இதற்காகத்தான் கொன்றார். கேட்க அத்தனை அழகாக இருக்கும். அத்தனையும் தப்பு. மறுநாள் இன்னொரு பதில் வரும். அதுவும் தப்பாகத்தான் இருக்கும்.

காலின் டெக்ஸ்டர் 1975 முதல் 1999 வரை எழுதிய 13 நாவல்களும், 1987 முதல் 2000 வரை பிரிட்டனின் ஐடிவியில் வந்த 33 படங்களும் இந்த மனிதரைச் சுற்றியவை. எனக்கு இது பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் போய்வரும் இடம். நண்பர்கள் பலரை உள்ளே அழைத்துப் போயிருக்கிறேன். சிலர் இரண்டாம் நாளே புத்தகத்தை மூடிவிட்டார்கள்; சிலர் இன்றும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். எந்த வாசல் வழியாகப் போனால் நுழைய முடிகிறது என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு படம்

தொடர் நாவல் என்றால் எல்லோரும் முதல் புத்தகத்தைத் தேடி எடுப்பார்கள். இங்கே அது வேண்டாம். முதல் நாவலான 'லாஸ்ட் பஸ் டு வுட்ஸ்டாக்' 1975-இல் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தி அன்றிரவே மதுக்கடை முற்றத்தில் பிணமாகக் கிடப்பது என்று ஆரம்பம் நன்றாகவே இருக்கும். ஆனால் டெக்ஸ்டர் அப்போதுதான் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். பெண்களைப் பற்றி, குறிப்பாகப் பாலியல் வன்முறையைப் பற்றி, அதில் வரும் பேச்சுகள் இன்று படிக்கும்போது நெருடும். எனக்கு நெருடியது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ இந்தப் புத்தகத்துக்கு வந்தால், மோர்ஸ் மேல் ஏற்கெனவே பிரியம் வந்திருக்கும். குறையைக் குறையென்று பார்த்துக்கொண்டே படிக்க முடியும்.

தொடங்க வேண்டியது 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ' என்ற படத்தில். 1987 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான முதல் மோர்ஸ் படம் இதுதான். திரைக்கதை ஆன்டனி மிங்கெல்லா; பின்னாளில் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை இயக்கியவர். மோர்ஸாக ஜான் தாவ், லூயிஸாக கெவின் வேட்லி.

ஒவ்வொரு படமும் ஏறத்தாழ நூறு நிமிடம். ஒரே இருப்பில் பார்த்துவிடுங்கள். இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் யார் யார் என்றே பிடிபடாது. எல்லோருக்கும் அப்படித்தான், பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டாம். மோர்ஸ் ஒரு பாடகர் குழுவில் பாடுகிறார். அங்கே ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்துப்போகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறாள். மோர்ஸ் போலீஸ்காரராக மட்டும் அந்த வீட்டுக்குள் போகவில்லை என்பதை ஜான் தாவின் முகத்திலிருந்தே தெரிந்துகொள்வோம். கொலைகாரன் யார் என்பது எனக்கு ஒருமுறை மறந்தே போய்விட்டது. அந்த முகம் மறக்கவில்லை.

ஜெரிக்கோ என்பது ஆக்ஸ்ஃபோர்டில் உண்மையிலேயே இருக்கும் ஒரு பகுதி. கால்வாயை ஒட்டி, தோளோடு தோள் இடிக்கும் சின்னச் சின்ன செங்கல் வீடுகள். பல்கலைக்கழக அச்சகத்துத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் மனதில் எழும் கோபுரங்களைக் காட்டித் தொடங்காமல், இந்தத் தெருக்களில் கதை தொடங்குவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரிய கேட்டும் ஒரே வளாகமும் கிடையாது. ஊருக்குள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மடம் மாதிரி. தனித் தலைவர், தனிச் சொத்து, தனிச் சாப்பாட்டுக் கூடம், நடுவில் புல் வளர்ந்த சதுர முற்றம், வாசலில் உள்ளே யாரை விடலாம் என்று தீர்மானிக்கும் காவலாளி. ஃபெல்லோ என்றால் அந்தக் கல்லூரியின் நிர்வாகத்தில் பங்குள்ள ஆசிரியர். மாஸ்டர் என்றால் அவர்களே தேர்ந்தெடுக்கும் தலைவர். அந்தத் தலைமைப் பதவிக்கு நடக்கும் போட்டியில் எத்தனை வன்மம் இருக்கும் என்பதற்கு 'டெத் இஸ் நௌ மை நெய்பர்' முழுவதும் சாட்சி.

கதைகளில் வரும் லான்ஸ்டேல் கல்லூரியையும் போஃபோர்ட் கல்லூரியையும் வரைபடத்தில் தேடாதீர்கள், அவை கற்பனை. மோர்ஸ் படித்ததாகச் சொல்லப்படும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மட்டும் நிஜம். அங்கே படித்தார், காதலில் விழுந்தார், படிப்பைக் கோட்டைவிட்டார், பட்டம் வாங்காமல் வெளியேறினார். 'தி ரிடில் ஆஃப் த தேர்ட் மைல்' நாவலில் இந்தப் பழைய கதை வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு கல்லூரி வாசலில் நின்று அவர் அடையாள அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தெரியும். தன்னை வெளியே தள்ளிய வீட்டுக்குள் போலீஸ்காரராகத் திரும்பிப் போகிறவர் அவர்.

லூயிஸுக்கு அந்தப் பாரம் எதுவும் இல்லை. மனைவி, பிள்ளைகள், வீட்டில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும். அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு வேறு. கௌலியில் கார் தொழிற்சாலை இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, சம்பள நாளை எதிர்பார்க்கும் ஆக்ஸ்ஃபோர்டு. இருவரும் வேலை பார்க்கும் தேம்ஸ் வேலி காவல்துறையின் தலைமையகம் ஊருக்கு வடக்கே கிட்லிங்டனில் இருக்கிறது, நிஜத்திலும் அப்படியே.

பிறகு முதல் புத்தகம், ஒரு நோட்டோடு

'தி சைலன்ட் வேர்ல்ட் ஆஃப் நிக்கோலஸ் க்வின்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் வந்த மூன்றாவது நாவல். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

டெக்ஸ்டர் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் வகுப்பறையை விட வேண்டியதாயிற்று. 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் தேர்வு நடத்தும் அலுவலகத்தில் சேர்ந்து 1988 வரை அங்கேயே வேலை பார்த்தார். இந்த நாவலில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் ஓர் அமைப்பு வருகிறது. அதில் புதிதாகச் சேரும் க்வின்னுக்குக் காது மந்தம். உதடு அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர். அவர் கொல்லப்படுகிறார். வினாத்தாள் கட்டுகள், குழுக் கூட்டங்கள், பூட்டிய அலமாரிகள், யார் எத்தனை மணிக்கு அறையில் இருந்தார் என்ற கணக்கு எல்லாமே அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மனிதன் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். காது கேளாதவனின் தனிமையை அவர் எழுதியிருக்கும் விதத்தில் பரிதாபம் துளியும் இல்லை. அதனாலேயே அது நமக்குள் இறங்குகிறது.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் யார் என்று உங்கள் ஊகத்தை எழுதுவதற்காக இல்லை. மோர்ஸின் ஊகங்களை எழுதுங்கள். அவர் ஒவ்வொரு முறை 'இதுதான் நடந்தது' என்று சொல்லும்போதும் இரண்டு வரியில் குறித்து, அது எந்தப் பக்கத்தில் உடைகிறது, எதனால் உடைகிறது என்பதையும் குறித்து, மேலே ஒரு கோடு போட்டு அடியுங்கள். நான்கைந்து கோடுகள் விழுந்தபின் நோட்டைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். அடித்த ஒவ்வொரு பதிலிலும் ஒரு துண்டு உண்மை இருந்திருக்கிறது. மோர்ஸ் தப்பை ஏணியாக வைத்து ஏறுகிறவர். வாசகனை ஏமாற்றத் துப்புகளை ஒளித்துவைக்கும் கதையென்று நினைத்துப் படிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒரு மனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வருபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நோட்டு முறைக்கு மிகவும் பொருத்தமான நாவல் இரண்டாவதாக வந்த 'லாஸ்ட் ஸீன் வேரிங்', 1976. காணாமல் போன ஒரு பள்ளிச் சிறுமியிடமிருந்து, வருடங்கள் கழித்து, 'நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்' என்று பெற்றோருக்குக் கடிதம் வருகிறது. அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்கிறார் மோர்ஸ். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் விடாப்பிடியாகச் சொல்கிறார். அதன்மேல் கட்டும் மாளிகைகள் ஒவ்வொன்றாகச் சரியும். என் நோட்டில் இந்த ஒரு நாவலுக்கு மட்டும் மூன்று பக்கம் போயிற்று.

இன்னொன்றையும் குறித்து வையுங்கள்: லூயிஸ் ஏதோ சாதாரணமாகச் சொல்லும் வாக்கியங்கள். பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தில்தான் மோர்ஸ் தலையில் பொறி விழும். லூயிஸுக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியாது.

குறுக்கெழுத்து

டெக்ஸ்டரின் மூளையைப் புரிந்துகொள்ள ஒரு சாவி வேண்டும் என்றால் அது குறுக்கெழுத்துதான். அப்சர்வர் இதழில் ஸிமினீஸ் என்ற புனைபெயரில் ஒருவர் அமைத்த கடினமான புதிர்களுக்குக் குறிப்பு எழுதும் போட்டியில் அவர் பெயர்பெற்றவர். மோர்ஸ் என்ற பெயரே அந்தப் போட்டியில் அவரோடு மோதிய சர் ஜெரமி மோர்ஸிடமிருந்து வந்தது. லாயிட்ஸ் வங்கியின் தலைவராக இருந்தவர். லூயிஸ் என்ற பெயரும் அதே போட்டியில் கலந்துகொண்ட ஒருவரின் புனைபெயர்தான்.

இந்த வகைக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் பொய் சொல்லும், ஆனால் ஏமாற்றாது. நமக்கு இது புதிதில்லை. சிலேடையில் ஊறியவர்கள் நாம். உதாரணத்துக்கு நானே ஒன்று அமைக்கிறேன். 'வானத்தில் வெளிச்சம் தரும்; விடுமுறை முடிந்தது என்று சொல்லும், நான்கு எழுத்து.' விடை: திங்கள். வாசிக்கும்போது ஒரே பொருளைப் பற்றிய வாக்கியம் போலத் தோன்றும். உண்மையில் ஒரே சொல்லுக்கான இரண்டு விளக்கங்கள் ஒட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. டெக்ஸ்டரின் கொலைக் கதைகளும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சாட்சி சொல்வது உண்மையாகவே இருக்கும். நாம்தான் இரண்டு நிகழ்ச்சியை ஒரே நிகழ்ச்சியாக வாசித்துக்கொண்டிருப்போம்.

தி இந்து நாளிதழில் வரும் ஆங்கிலக் குறுக்கெழுத்தும் இதே இனம். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நாவலுக்குத் திரும்பினால் வித்தியாசம் தெரியும். கட்டாயம் இல்லை, விரும்பினால்.

அத்தியாயங்களின் தலையில் மேற்கோள்கள் இருக்கும். லத்தீன் கவிஞர்கள், ஆங்கிலக் கவிஞர்கள், எங்கோ கிடைத்த அறிவிப்புப் பலகை வாசகங்கள். புதிதாக வருபவர்கள் இதையெல்லாம் தேடிப் பார்த்துக் களைத்துப்போகிறார்கள். வேண்டாம். சில மேற்கோள்களை டெக்ஸ்டரே இட்டுக்கட்டி, இல்லாத ஆள் பெயரையும் போட்டிருக்கிறார். அகராதியும் அப்படித்தான்: ஒரு பக்கத்துக்கு ஒரு சொல்லுக்கு மேல் பார்க்காமல் ஓடுங்கள்.

புத்தக மோர்ஸும் திரை மோர்ஸும்

இரண்டையும் சுவைத்தபின் ஒரு குழப்பம் வரும். ஆரம்ப நாவல்களில் மோர்ஸ் ஓட்டுவது லான்சியா கார். திரையில் அது சிவப்பு ஜாகுவார் மார்க் 2, கறுப்புக் கூரை, எண் 248 ஆர்பிஏ. ஆரம்ப நாவல்களில் லூயிஸ் வேல்ஸ்காரர், மோர்ஸைவிட மூத்தவர். திரையில் அவர் இளையவர், இங்கிலாந்தின் வடகிழக்குப் பேச்சு பேசுகிறவர். கெவின் வேட்லியின் சொந்த ஊர்ப்பக்கமே அதுதான். டெக்ஸ்டருக்கு இந்த மாற்றங்கள் பிடித்துப்போய், பின்னால் வந்த நாவல்களில் மோர்ஸுக்கு ஜாகுவாரைக் கொடுத்துவிட்டார், லூயிஸையும் இளமையாக்கிவிட்டார். திரை, எழுத்தாளரின் பாத்திரங்களையே திருத்தி எழுத வைத்தது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. புத்தக மோர்ஸ் முரடர். ஆபாசப் பத்திரிகையைப் பார்த்தால் கண் நிற்கும். பார்க்கும் பெண்களையெல்லாம் எடை போடுவார். பீருக்கு எப்போதும் லூயிஸே காசு கொடுக்க வேண்டும். திரையில் அந்தக் காசு விஷயத்தை வைத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் உதறிவிட்டார்கள். ஜான் தாவ் அவருக்கு ஒரு கூச்சத்தையும் தனிமையையும் கொடுத்தார். எனக்குத் திரை மோர்ஸைத்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் புத்தக மோர்ஸின் மூளையைத் திரையில் முழுசாகக் காட்ட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யோசனை உடைந்து உடைந்து சேர்வதை எழுத்தில்தான் கூடவே நடந்து பார்க்க முடிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் 'தி வே த்ரூ த வுட்ஸ்' நாவலை முதலில் படித்து, ஒரு வாரம் விட்டு, 1995-இல் வந்த படத்தைப் பாருங்கள். 1992-இல் வந்த இந்த நாவலுக்குப் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குறுவாள் விருது கிடைத்தது. ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். போலீஸுக்குப் பெயரில்லாமல் ஒரு கவிதை வருகிறது. அதை டைம்ஸ் நாளிதழில் போட, நாடு முழுவதிலிருந்தும் வாசகர்கள் அதற்குப் பொருள் சொல்லிக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்கள்தான் நாவலின் உயிர். அவற்றைப் படம் எப்படிக் கையாள்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணம் தலைகீழாகப் போனதும் உண்டு. 'தி வுல்வர்கோட் டங்' என்ற படம் 1987-இல் முதலில் வந்தது, டெக்ஸ்டர் கொடுத்த கதைக் கருவில். நான்கு வருடம் கழித்து அதையே அவர் 'தி ஜுவல் தட் வாஸ் அவர்ஸ்' என்று நாவலாக்கினார்.

காதும் வேலை செய்யட்டும்

பாரிங்டன் ஃபெலூங் அமைத்த தொடக்க இசையில் ஒரு தாளம் திரும்பத் திரும்ப வரும். மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். இரண்டு நெடில், மூன்று நெடில், குறில் நெடில் குறில், மூன்று குறில், ஒரு குறில். பழைய தந்திச் சங்கேதத்தில் மோர்ஸ் என்ற ஆங்கிலப் பெயரின் ஐந்து எழுத்துகள் அவை. சில படங்களில் பின்னணி இசைக்குள் கொலைகாரரின் பெயரையே இப்படி ஒளித்துவைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பிடிக்க முயன்று தோற்றவன் நான். உங்களுக்குக் காது கூர்மையாக இருந்தால் முயன்று பாருங்கள்.

மோர்ஸ் கேட்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசை தெரியாதே என்று தயங்க வேண்டாம். காட்சியிலிருந்தே வாக்னர் எப்போது வருகிறார், மொசார்ட் எப்போது வருகிறார் என்று பழகிவிடும். நான் அப்படித்தான் பழகினேன்.

கண்ணுக்கும் ஒரு வேலை. பெரும்பாலான படங்களில் டெக்ஸ்டர் எங்காவது ஒரு மூலையில் வந்துபோவார். மதுக்கடையில் கோப்பையோடு, தெருவில் நடப்பவராக, கல்லூரி விருந்தில் ஒருவராக. வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி.

அடுத்து எதை எதை

வரிசைப்படி பார்க்க வேண்டிய அவசியம் 1993 வரை இல்லை. ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து வரை வந்த அந்த 28 படங்களும் தனித்தனிக் கதைகள். கிரிக்கெட் பிடித்தவர்கள் 1989-இல் வந்த 'டிசீவ்ட் பை ஃப்ளைட்'டை எடுங்கள். லூயிஸ் கல்லூரி ஊழியராக வேடம் போட்டு உள்ளே போய், மட்டையும் பிடிக்கிறார். 1990-இல் வந்த 'மேசானிக் மிஸ்டரீஸ்' படத்தில் கொலைப் பழி மோர்ஸ் மேலேயே விழுகிறது. ஒரு மொசார்ட் ஓபெராவின் ஒத்திகையில் ஆரம்பித்து, மூச்சுவிடாமல் ஓடும் கதை. இயக்கியவர் டேனி பாய்ல், ஏ. ஆர். ரகுமானுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' அவருடைய பிற்காலப் படம். 1993-இல் வந்த 'ட்வைலைட் ஆஃப் த காட்ஸ்' படத்தில் பல்கலைக்கழக வேந்தராக ஜான் கீல்குட் வருகிறார். ஊர்வலத்தில் ஒரு பாடகி சுடப்படுகிறார்.

'தி வென்ச் இஸ் டெட்' தனி ரகம். 1989-இல் வந்த நாவலுக்கும் தங்கக் குறுவாள் விருது. மோர்ஸ் வயிற்றுப் புண்ணோடு மருத்துவமனையில் கிடக்கிறார். கையில் ஒரு பழைய சிறு நூல். நூற்று முப்பது வருடத்துக்கு முன் கால்வாய்ப் படகில் பயணம் செய்த ஒரு பெண் கொலையுண்ட கதை. அதற்காகத் தூக்கில் போடப்பட்டவர்கள் நிரபராதிகளோ என்று படுக்கையில் கிடந்தபடியே யோசிக்கிறார். இதற்கு மூலம் 1839-இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ரூஜ்லி அருகே கிறிஸ்டினா காலின்ஸ் என்ற பெண் கால்வாயில் பிணமாகக் கிடைத்த உண்மை வழக்கு. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, கட்டிலும் நூலகமும்தான். டெக்ஸ்டர் எழுதியதில் ஆகச் சிறந்தது இதுவே என்பேன். ஆனால் மோர்ஸோடு பழகியபின் படியுங்கள். எழுந்து நடமாட முடியாமல் அவர் படும் பாடு அப்போதுதான் உறைக்கும்.

1995 முதல் வந்த ஐந்து படங்களையும் கடைசி மூன்று நாவல்களையும் மட்டும் வந்த வரிசையிலேயே பார்க்கவும் படிக்கவும் வேண்டும். மோர்ஸின் உடல்நிலை அங்கே ஒரு தனிக் கதையாக ஓடுகிறது. சர்க்கரை வியாதி வருகிறது. குடியை விட மாட்டேன் என்கிறார். மருத்துவரிடம் பொய் சொல்கிறார். டெக்ஸ்டருக்கும் அந்த வியாதி இருந்தது. வீட்டில் இப்படி ஒரு பெரியவரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எளிதாக இருக்காது.

முதற்பெயரும் மற்ற இரண்டு தொடர்களும்

மோர்ஸ் தன் முதற்பெயரைச் சொல்லவே மாட்டார். கேட்டால் 'மோர்ஸ்' என்பார். இருபது வருடத்துக்கும் மேலாக வாசகர்களைக் காக்கவைத்த ரகசியம் 1996-இல் 'டெத் இஸ் நௌ மை நெய்பர்' நாவலின் கடைசியில்தான் உடைந்தது. அடுத்த வருடம் வந்த படத்தில் அவர் அதைக் குறுக்கெழுத்துக் குறிப்பாகவே சொல்கிறார். என் வாழ்நாள் முயற்சியெல்லாம் ஏவாளைச் சுற்றியே சுழன்றது, ஒன்பது எழுத்து. ஆங்கிலத்தில் 'அரவுண்ட் ஈவ்' என்பதன் ஒன்பது எழுத்துகளையும் சுழற்றி அடுக்கினால் முயற்சி என்று பொருள்படும் 'எண்டெவர்' கிடைக்கும். கேப்டன் குக்கின் கப்பல் பெயர். குக்கை வியந்த தந்தையும் குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்த தாயும் வைத்தது.

இதனால்தான் 'எண்டெவர்' தொடரை முதலில் பார்க்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கதைக் காலப்படி அதுதான் முந்தையது: 1965 முதல் 1972 வரையிலான இளம் மோர்ஸ். வந்தது 2012 முதல் 2023 வரை, 36 படங்கள், அத்தனையும் ரஸ்ஸல் லூயிஸ் எழுதியவை. ஷான் எவன்ஸ் நன்றாக நடித்திருக்கிறார். அவருடைய மேலதிகாரி தர்ஸ்டேயாக வரும் ரோஜர் ஆலம் அதைவிட நன்றாக. ஆனால் பெரிய மோர்ஸின் தனிமையைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் சின்ன மோர்ஸ் எதை இழக்கப்போகிறான் என்று புரியும். நாளிதழ் ஆசிரியராக வரும் அபிகேல் தாவ், ஜான் தாவின் மகள். முதல் படத்தில் அவரும் இளம் மோர்ஸும் எதிரெதிரே நிற்கும் காட்சியை, இது தெரியாமல் பார்த்தவர்கள் இன்னொரு முறை பாருங்கள்.

'லூயிஸ்' தொடர் 2006 முதல் 2015 வரை, இதுவும் 33 படங்கள். ஆய்வாளராக உயர்ந்துவிட்ட லூயிஸுக்குக் கீழே ஹாத்தவே என்ற சார்ஜென்ட், பாதிரியாராகப் படித்தவர். படித்த மேலதிகாரிக்குக் கீழே படிக்காத சார்ஜென்ட் என்றிருந்தது இப்போது தலைகீழ். களைத்த மாலைகளுக்கு இது போதும். முதல் சில வருடங்கள் உண்மையிலேயே நல்லவை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக வாய்த்தால்

ஒரு நாள் போதும். அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஆல்ஃபிரட் அரசரின் பொன் நகையைப் பார்த்துவிட்டு, எதிரே ராண்டால்ஃப் ஓட்டலை வெளியிலிருந்து பாருங்கள். 'வுல்வர்கோட் டங்' கதை அந்த ஓட்டலில்தான் நடக்கிறது. அங்கிருந்து பிராட் வீதி, புத்தகக்கடைக்கு நடுவில் செருகியிருக்கும் வைட் ஹார்ஸ் மதுக்கடை, பிறகு ஜெரிக்கோ. கால் வலிக்காவிட்டால் ஆற்றோரமாக காட்ஸ்டோவின் ட்ரவுட் மதுக்கடை வரை. மது அருந்தாதவர்கள் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உட்காரலாம். லூயிஸும் பாதி நாள் ஆரஞ்சுச் சாறோடுதான் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக வைக்க வேண்டியது

'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'. 1999-இல் நாவல், 2000 நவம்பர் 15 அன்று படம். என்ன நடக்கிறது என்று சொல்லப்போவதில்லை. வேறு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுநாள் விடுமுறையாக இருக்கும் ஓர் இரவில் பாருங்கள். அன்றே 'லூயிஸ்' தொடரை ஆரம்பித்துவிடாதீர்கள். ஜான் தாவ் இந்தப் படம் வந்து பதினைந்து மாதத்தில், 2002 பிப்ரவரியில், அறுபது வயதில் காலமானார்.

பார்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தலைப்பு ஏ. ஈ. ஹவுஸ்மனின் ஒரு கவிதையிலிருந்து எடுத்தது. காலையில் ஆயிரம் உறுதிகளோடு எழுந்தவன், மாலையில் எதையும் செய்யாமல் சூரியன் விழுவதைப் பார்க்கும் கவிதை. அதைத் தேடி இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஹவுஸ்மனும் மோர்ஸைப் போலவே செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர். 1881-இல் இறுதித் தேர்வில் தோற்றார். கைகூடாத ஒரு பிரியம் அவர் வாழ்விலும் இருந்தது. டெக்ஸ்டர் இதையெல்லாம் நன்றாக அறிந்தவர்.

படத்தில் செர்வெல் ஆற்றங்கரை மதுக்கடையின் புல்வெளியில், பொழுது சாயும் நேரத்தில், லூயிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மோர்ஸ் அந்த வரிகளைச் சொல்வார். அந்த இடம் வரும்போது நிறுத்தி, கொஞ்சம் பின்னால் போய், இன்னொரு முறை கேளுங்கள். பிறகு படத்தை ஓடவிடுங்கள்.